தொண்ணூறு நாளும் ஒரு டைம் ஆபீஸ் மூளையும்

முப்பத்தொரு வருஷமாக அடுத்தவர்களின் நாட்களை எண்ணிச் சாப்பிட்டவன் நான். ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு ஆள் அனுப்பும் ஒரு கான்ட்ராக்டரிடம் டைம் ஆபீஸ் வேலை. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார், மொத்தம் எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதி வைக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனாலும் நாள் எண்ணுவதில் என்னை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆளில்லை என்று எனக்குள் ஒரு கொழுப்பு இருந்தது. அந்தக் கொழுப்பை நான் பெற்ற பெண்ணின் தலையில் கொண்டுபோய் இறக்கினேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்குள் ஒருவர் நானூற்று எண்பது நாள் வேலை செய்துவிட்டால் அவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது சட்டம். தாராளமாக ஆக்கலாம், யார் வேண்டாம் என்றது? நானூற்று எண்பதாவது நாள் என்று ஒன்று வந்தால்தானே! நானூற்றைம்பதைத் தாண்டும்போதே ஆளைக் கூப்பிட்டு, “பதினஞ்சு நாள் ஊருக்குப் போய்ட்டு வாம்மா, உடம்பையும் பாத்துக்கணுமில்ல” என்று அக்கறையாகச் சொல்வேன். திரும்பி வரும்போது முதலாளியின் மச்சான் பெயரில் வேறொரு கான்ட்ராக்ட் தயாராக இருக்கும். புது டோக்கன், புது அட்டை. எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. இதற்கு எங்கள் பாஷையில் பிரேக் என்று பெயர். யாருக்கும் வேலை போகாது, யாரும் நிரந்தரமும் ஆக மாட்டார்கள். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு பாருங்கள்! இதற்காக ஒரு தீபாவளிக்கு எனக்கு வெள்ளிக் குத்துவிளக்குகூடக் கொடுத்தார்கள்.

இந்தத் தொழிலில் இருந்து இரண்டு விஷயங்கள் என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கியிருந்தன. கேட்டுக்கு வெளியே போனவனை எண்ணக் கூடாது. கூலி இல்லாத நாள் நாளே இல்லை.

என் மகள் இங்கேயே இன்ஜினியரிங் முடித்துவிட்டு, மேல்படிப்புக்கு அமெரிக்கா போனாள். என்ன படிப்பு என்று கேட்டால், ஒரு வேலைக்கு எத்தனை ஆள் வேண்டும், எத்தனை நாள் ஆகும், எங்கே நேரம் வீணாகிறது என்று கணக்குப் போடுகிற படிப்பாம். “இதைப் படிக்க அவ்வளவு தூரம் போகணுமா? நம்ம டைம் ஆபீஸ்ல வந்து ஒக்காந்தா ரெண்டு மாசத்துல சொல்லிக் குடுத்துடுவேனே” என்றேன். அவள் சிரித்தாள். நான் கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

படிப்பு முடிந்தது. கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாக அவள் அனுப்பிய படத்தை மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருவில் பார்க்காத ஆளே கிடையாது. தண்ணீர் கேன் போட வருகிறவரைக்கூட நிறுத்திக் காட்டினேன். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “வேலை ஆயிடுச்சா?” அப்புறம்தான், படிப்பு முடிந்தால் வேலை தேடலாம் என்பது நம் ஊர் வழக்கம், அந்த ஊரில் வேலை தேடுவதற்கே தனியாக ஓர் அனுமதி வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, அவளுக்கு அது முந்தின சாயங்காலம், போனில் எல்லாவற்றையும் விளக்கினாள். படித்த படிப்பை வைத்து வேலை செய்ய ஓர் அட்டை கொடுப்பார்கள். அந்த அட்டைக்கு ஒரு வருஷம் ஆயுசு. அதில் அச்சடித்திருக்கிற தேதியிலிருந்து மொத்தமாகத் தொண்ணூறு நாள்தான் வேலையில்லாமல் இருக்கலாம். அதைத் தாண்டினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வேலையும் ஏதோ ஒரு வேலை கூடாது, படித்த படிப்புக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியைக் கேட்டு எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதை ஓசூரில் கொண்டுவந்தால் மறுநாள் பாதி லைன் ஓடாது. எங்கள் ஆட்களில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவன் சிவில் இன்ஜினியர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் எம்.காம்.

“சனி ஞாயிறைக் கழிச்சிட்டுத்தானே தொண்ணூறு?” என்று கேட்டேன்.

“இல்லப்பா. அதுவும் சேத்திதான்.”

“ஞாயித்துக்கெழமை எந்த ஆபீஸு தொறந்திருக்கும்? அன்னிக்கு எப்படி வேலை தேடுவ?”

“அதெல்லாம் அவங்க கேக்க மாட்டாங்கப்பா.”

அடேயப்பா! வார விடுமுறையைக்கூட விடாமல் எண்ணுகிறான் என்றால் அவன் லேசுப்பட்ட டைம் ஆபீஸ்காரன் இல்லை. தொழில்முறையில் எனக்கு அவன் மேல் மரியாதையே வந்துவிட்டது. ஆனால் மரியாதை வந்த அதே நிமிஷம், இவனை எப்படி மடக்குவது என்ற யோசனையும் வந்தது. பழக்கம் எங்கே போகும்?

அட்டையின் தேதி தொடங்கி நாட்கள் ஓடின. இருநூறு இடத்துக்கு மனுப் போட்டேன் என்பாள், முன்னூறு என்பாள். பதில் வந்தாலும், “உங்களுக்குப் பிற்பாடு விசா எடுத்துத் தர வேண்டியிருக்குமா?” என்று கேட்டுவிட்டு அந்தக் கம்பெனிகள் அப்படியே காணாமல் போய்விடும். பெங்களூரில் இருக்கும் என் மனைவியின் உறவுக்காரர் ஒருவர், வேலை பார்க்கிற மாதிரி காகிதம் மட்டும் தயார் செய்து கொடுக்கும் நம் ஊர் ஆட்கள் அமெரிக்காவிலேயே இருக்கிறார்கள் என்று வழி சொன்னார். அட, நம்மாளுங்க அங்கேயும் கடை போட்டுவிட்டார்களா என்று பூரித்துப்போனேன். மகள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். “மாட்டுனா ஜென்மத்துக்கும் உள்ள விடமாட்டாங்கப்பா. பொய் சொல்லிட்டு என்னால தூங்க முடியாது.” நான் முப்பத்தொரு வருஷமாக நன்றாகத்தான் தூங்குகிறேன் என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன்.

முப்பத்தெட்டாவது நாள் அவள் குரல் கொஞ்சம் தெளிவாக இருந்தது. அவளுக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் ஒருவர், தன் ஆய்வகத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை செய்யலாம் என்று சொல்லியிருக்கிறாராம். சம்பளம் கிடையாது. ஆனால் படிப்புக்குச் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் அதை வேலையாகவே எடுத்துக்கொள்வார்கள், எண்ணிக்கை நின்றுவிடும், அப்புறம் நிதானமாக நல்ல வேலை தேடலாம் என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஓசி வேலையா? சம்பளம் இல்லாத நாளை எவன் நாள்னு எழுதுவான்? உன்னை வேலை வாங்கிட்டு, கடைசியில எண்ணிக்கையில வராதுன்னு கைய விரிச்சிடுவான். நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!”

எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்றால், அப்படிக் கையை விரித்தவனே நான்தான். அதை மட்டும் சொல்லவில்லை.

“நான் சொல்றதைக் கேளு பாப்பா. பேசாம பிளைட் ஏறி வந்துடு. ஆளு நாட்டுலயே இல்லன்னா எப்படி எண்ணுவான்? ஒரு மாசம் நல்லாத் தின்னு தூங்கிட்டு, திரும்பிப் போய் முப்பத்தொம்பதாவது நாள்ல இருந்து தொடங்கு.”

“வெப்சைட்ல அப்படிப் போட்டாப்ல இல்லியேப்பா. எதுக்கும் காலேஜ் ஆபீஸுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுடறேன்.”

“கேக்கவே கேக்காத! எழுத்துல கேட்டா எவனும் முடியாதுன்னுதான் எழுதுவான். போர்டுல எழுதறது வேற, ரிஜிஸ்டர்ல எழுதறது வேற. உங்கப்பனுக்குத் தெரியாத நாள் கணக்கா?”

அவள் முட்டாள் இல்லை. வேறொரு நாளாக இருந்தால் என்னை மடக்கியிருப்பாள். ஆனால் மூன்று பேர் தங்கும் அறையில், மற்ற இருவரும் வேலைக்குப் போன பிறகு, ஒரு மாதத்துக்கு மேலாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் அவள். வீட்டுக்கு வந்தால் நாள் நிற்கும் என்று ஒருவர் சொன்னால் நம்புவதற்கு அவளுக்கும் ஆசையாக இருந்திருக்கிறது. ஆய்வகத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு டிக்கெட் போட்டாள்.

பெங்களூர் விமான நிலையத்தில் கண்டதும் நான் கேட்ட முதல் கேள்வி, சாப்பிட்டாயா என்பதல்ல. “வெளிய வர்றப்ப பாஸ்போர்ட்டுல சீல் குத்துனாங்களா?”

“அங்க வெளிய வர்றப்ப சீல் குத்த மாட்டாங்கப்பா.”

“சீலும் குத்தலியா? கேட்டுல பஞ்ச் இல்லாத கம்பெனி அது! நீ வந்தது போனதுகூட அவனுக்குத் தெரியாது போ!” என்று அங்கேயே சிரித்தேன். பக்கத்தில் டிராலி தள்ளிக்கொண்டு போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி மட்டும், “ஏங்க, எதுக்கும் யாரையாச்சும் கேட்டிருக்கலாமில்ல?” என்றாள். அவளை ஒரு முறை முறைத்தேன்.

வீட்டில் மகளை மகாராணி மாதிரி வைத்துக்கொண்டோம். லேப்டாப்பைத் திறந்தால் நான் மூடினேன். “கணக்குத்தான் நிக்குதே, இப்ப எதுக்கு மூஞ்சிய அதுக்குள்ள வெச்சுக்கிட்டு இருக்க?” அந்த வருஷம் செந்தூரா மாம்பழம் சீக்கிரமே சந்தைக்கு வந்துவிட்டது. பாரூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கூடை வரவழைத்தேன். அவள் முகத்தில் சதை பிடிப்பதைப் பார்த்து, ஆஹா, நாமும் ஒரு நல்ல அப்பன்தான் என்று மெச்சிக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு பேக்கிங் அம்மா வீட்டுக்கு வந்தாள். சொந்த ஊர் சாமல்பட்டி, பன்னிரண்டு வருஷமாக எங்கள் கான்ட்ராக்டில் பேக்கிங் செக்ஷனில் வேலை, எங்கள் தெருவுக்குப் பின்னால் லைன் வீட்டில் குடியிருப்பு. அடுத்த வாரம் அவளுக்கு எட்டாவது பிரேக். தேதியைக் கேட்டுக்கொண்டு போக வந்தவளுக்கு என் மகள் மாம்பழம் நறுக்கிக் கொடுத்தாள். பேச்சுவாக்கில் தொண்ணூறு நாள் கதையையும் சொன்னாள்.

“அப்ப பாப்பாவுக்கும் அண்ணன் பிரேக் குடுத்துட்டாரா!” என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு பழத்தைக் கடித்துக்கொண்டே ஒன்று கேட்டாள். “நிக்குதுன்னு நெசமாத் தெரியுமாண்ணா? எனக்கு எங்கண்ணா நின்னுச்சு? நீங்க நாள எண்ணாம உடுவீங்க, பிரேக்குல எங்கூட்டு அரிசி எண்ணாம உடுதா? முட்டி வலி உடுதா?”

“அது வேற, இது வேற” என்றேன்.

“உங்களுக்குத் தெரியாததாண்ணா” என்று அவள் எழுந்து போனாள். அவள் நக்கலாகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த பத்து நாளில் ஒரு மெயில் வந்தது. காலைச் சாப்பாட்டு நேரம். மகள் போனைப் பார்த்தாள், தோசைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் போனை என் பக்கம் திருப்பினாள். கல்லூரி அலுவலகத்திலிருந்து வந்திருந்த தானியங்கிக் கடிதம் அது. ‘நீங்கள் வேலையில்லாமல் இருந்த நாட்கள் இன்றுடன் எழுபத்து மூன்று’ என்று இருந்தது.

“தப்பா அனுப்பிட்டாங்க. மிஷின்தானே” என்றேன்.

அவள், நான் கேட்கக் கூடாது என்று தடுத்த அந்தக் கேள்வியை எழுதி அனுப்பினாள். மறுநாளே பதில் வந்தது. ரொம்ப மரியாதையான பதில். நாட்டுக்கு வெளியே இருந்தாலும் வேலையில்லாத நாள் வேலையில்லாத நாள்தானாம். அப்படி ஒரு சந்தேகம் இருந்தால் கிளம்பும் முன்பே கேட்டிருக்கலாமே என்று வருத்தம் வேறு தெரிவித்திருந்தார்கள். அவர்கள் எங்கள் மாதிரி கேட்டை எண்ணுகிறவர்கள் இல்லை. ஆள் எங்கே நின்றாலும் தேதியை எண்ணுகிறவர்கள். சீல் எதற்கு அவர்களுக்கு? காலண்டர் போதும்.

என் மனைவிக்குக் கோபமே வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். “உங்க டோக்கன் புத்திய அமெரிக்கா வரைக்கும் கொண்டு போய்ட்டீங்களா? எம் பொண்ணு உங்க கான்ட்ராக்ட் ஆளுன்னு நெனச்சீங்களா?” என்றாள். மகள் லேப்டாப்பைத் திறந்து டிக்கெட் தேடத் தொடங்கினாள். திட்டியிருந்தால் தேவலை. நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். வெட்கக்கேடு, தாடியெல்லாம் நரைத்த பிறகு.

இரண்டு நாளில் திரும்பப் பறந்தாள். ஆய்வகத்து இடத்தில் குண்டூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்துவிட்டாளாம். ‘நான் அன்னிக்கே சேந்திருந்தா அது என்னோட சீட்டுப்பா’ என்று ஒரே ஒரு வரி அனுப்பினாள். மிச்சமிருந்த நாட்களில் இரண்டு இடத்தில் நேர்முகம் நடந்தது. ஒன்றில், பிடித்திருக்கிறது, அடுத்த மாதம் சொல்கிறோம் என்றார்கள். அடுத்த மாதம்! அவளிடம் அடுத்த வாரமே இல்லை. இந்த முறை எண்ணிக்கையை அவளேதான் எண்ணினாள், ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து. தொண்ணூறாவது நாள் அன்று, அவளை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்த எங்கள் கார் அத்திப்பள்ளி டோல்கேட்டில் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அவள் பின் சீட்டில், அம்மாவின் தோளில் சாய்ந்து, கண்ணைத் திறந்துகொண்டே இருந்தாள்.

அதற்கப்புறம் நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஐந்தாவது நாள் சாயங்காலம் பேக்கிங் அம்மா வந்தாள். பிரேக்குக்குப் போனவள் திரும்பி வந்திருந்தாள். மறுநாள் காலை ஷிஃப்ட். அவளுடைய புது அட்டையை ஆபீஸிலிருந்து நானே எடுத்து வந்திருந்தேன், கொடுப்பதற்காக. மகளைப் பார்த்ததும், “பாப்பா, போன மச்சான் திரும்பி வந்த கதையா ஆயிடுச்சே” என்று கேலி செய்யப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, “வுடு கண்ணு, இந்த ஊர்ல இல்லாத வேலையா” என்று தலையைத் தடவினாள்.

அப்போது என் மகள் என்னைப் பார்த்துக் கேட்டாள். நான்கு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

“அப்பா, இந்த அக்காவோட நாளை எல்லாம் கூட்டிச் சொல்லு. பிரேக்கைக் கழிச்சிட்டு, வேலை செஞ்ச நாள் மட்டும்.”

எனக்கு ரிஜிஸ்டர் தேவையில்லை. எட்டு டோக்கனும் தலைக்குள்ளேயே இருந்தன. “மூவாயிரத்து எழுநூத்திச் சொச்சம்” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“அவங்க என்னைத் தொண்ணூறு நாள் எண்ணினாங்க. எண்ணறோம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு எண்ணினாங்க. ஒரு நாளைக்கூட மறைக்கல. நீ இந்தக்காவோட மூவாயிரம் நாளை எங்கப்பா வெச்சிருக்க?”

எந்தத் தொழிலாளர் அதிகாரி கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இருந்தது. காகிதத்தோடு, கையெழுத்தோடு இருந்தது. இவள் கேட்டது காகிதத்தை அல்ல. குத்துவிளக்கு அலமாரியில் பளபளவென்று நின்றிருந்தது. என் மனைவி அடுப்படிக் கதவில் சாய்ந்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கடத்தை முடித்துவைத்தவள் அந்தப் பேக்கிங் அம்மாதான். அவளுக்கு வீட்டில் உலை வைக்க நேரமாகிவிட்டது. என் கையிலிருந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு எண்கள் நன்றாகப் படிக்கத் தெரியும். ஆனாலும் என்னைத்தான் கேட்டாள்.

“நாளைக்கு எனக்கு எத்தனாவது நாளுண்ணா?”

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒன்னு” என்றேன். வேறு என்ன சொல்வது? நான் எடுத்து வந்த அட்டையில் அப்படித்தான் அடித்திருந்தது.